வடலூர் லைனில் ஒரு பச்சை விளக்கு

நெட்வொர்க் பராமரிப்பு என்பது, லைன் ஓடும்போது ஒருவரும் நம்மை நினைக்காத, நின்றுவிட்டால் நம் பரம்பரையையே நினைக்கிற தொழில். இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வாட்ஸ்அப் புதிதாக வந்து எல்லோரும் எல்லோருக்கும் காலை வணக்கம் அனுப்பிக்கொண்டிருந்த காலம். சுரங்கத்து கன்வேயர் பெல்ட்டுகளைப் பராமரிக்கும் ஒரு காண்டிராக்ட் கம்பெனியின் நெய்வேலி நகரியத்து ஆபீஸில், காண்டிராக்ட்டுக்குள் ஒரு காண்டிராக்டாக நான் இருந்தேன். என் ஆயுதம் லூப்பேக். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. லைனின் அந்தக் கோடியில் கேபிளைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன பிளக்கைச் செருகினால், நாம் அனுப்புவது அதில் முட்டிக்கொண்டு நமக்கே திரும்பி வரும். வந்தால் அதுவரை லைன் சரி. சோதனை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு கேபிளை மறுபடி மாட்ட வேண்டும். மாட்டினால்தான் வேலை நடக்கும். இந்தக் கடைசி வாக்கியம்தான் யார் காதிலும் ஏறுவதில்லை.

வாட்ச்மேனின் பொறுப்பு

சுரங்கத்தை ஒட்டிய எங்கள் யார்டில் வாட்ச்மேன் காடாம்புலியூர்க்காரர். சோதனைக்காக ஒவ்வொரு தடவையும் வெயிலில் வண்டியை மிதிக்க முடியாமல், போனிலேயே அவருக்குப் பாடம் நடத்தி பிளக்கைச் செருகச் சொன்னேன். அழகாகச் செருகினார். அனுப்பியது எல்லாம் திரும்பி வந்தது. நன்றி சொல்லி, பழையபடி மாட்டிவிடச் சொல்லி போனை வைத்தேன்.

அன்று முழுக்க யார்டிலிருந்து ஒரு தகவலும் வரவில்லை. திட்டு வாங்கிக்கொண்டு நேரில் போனேன். பிளக் செருகியபடியே இருந்தது. கேபிளைக் காணோம். கேட்டதற்கு அவர் பெருமையாகச் சொன்னார்: "ஒயரு சும்மா தொங்கிகினு இருந்துதுங்க. எலி கிலி கடிச்சிடப் போவுதுன்னு சுத்தி பீரோவுல வச்சி பூட்டிட்டேன்."

புது சாதனம் எதற்கு

வடலூரில் எங்கள் கம்பெனியின் உதிரிபாக ஸ்டோர்ஸுக்குப் போகும் லைன் தினமும் அறுந்துகொண்டிருந்தது. மேனேஜர் அறைச் சுவரில் ஒரு பெரிய திரை உண்டு. லைன் உயிரோடு இருந்தால் பச்சை, செத்தால் சிவப்பு. மாதக் கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வருகிறார், அன்று சிவப்பு தெரிந்தால் என் காண்டிராக்டை நீட்டிக்க மாட்டார்கள் என்று மேனேஜர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். வீட்டில் அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது.

நானே வடலூர் போய் பிளக்கைச் செருகிச் சோதித்தேன். ஸ்டோர்ஸ் வாசல் வரை லைன் சுத்தம். கோளாறு உள்ளே கம்ப்யூட்டர்களை இணைக்கிற பழைய பெட்டியில். புதிது வாங்க வேண்டும் என்று மேனேஜரிடம் ஓடினேன். அவர் திரையைப் பார்த்தார். ஓடிவந்த அவசரத்தில் பிளக்கை நான் வடலூரிலேயே செருகியபடி விட்டிருந்ததால் விளக்கு பச்சையாக எரிந்தது. அதுவரை அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் கண்டதில்லை. "புதுசு எதுக்குப்பா? அந்தச் சின்ன பிளக்கே இவ்வளவு நல்லா வேலை செய்யுதே, அதையே வச்சிரு!"

அதிகாரி வந்தார்

அதன்பின் வடலூர் லைன் ஒரு நொடிகூடச் சிவக்கவில்லை. ஒரு தகவலும் வரவில்லை என்பது வேறு விஷயம். ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்ட கலைச்செல்வி அக்கா, கையிருப்புக் கணக்கை அச்சடித்து ஸ்கூட்டியில் தினமும் நகரியத்துக்குக் கொண்டுவந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே கூச்சமாக இருக்கும்.

அதிகாரி வந்து திரையை ரசித்துக்கொண்டிருந்த நேரம், அக்கா வியர்த்து விறுவிறுத்து உள்ளே நுழைந்தார். லைன் இருக்கும்போது காகிதம் ஏன் என்று அதிகாரி கேட்டார். மேனேஜர் என்னை முறைத்தார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. வேலை போனாலும் போகட்டும் என்று உண்மையைப் போட்டு உடைத்தேன்: அந்தப் பச்சை வெறும் பிளக், நாம் அனுப்புவது நமக்கேதான் திரும்பி வருகிறது.

அதிகாரி புருவத்தை உயர்த்தினார். "ஒண்ணுகூடத் தொலையாம அப்படியே திரும்பி வருதா? அப்புறம் என்னய்யா குறை!" என்று என் முதுகில் தட்டிவிட்டு, அங்கேயே நின்று நீட்டிப்பில் கையெழுத்துப் போட்டார்.

அக்கா என்னை வாசல்வரை தள்ளிக்கொண்டு போனார். "எனக்கும் ஒரு பிளக்கு செருகி வுடு தம்பி, ஆபீஸ் வராமயே பாதியில வூட்டுக்குத் திரும்பிப் போயிடறேன்."

அனுப்பியது அப்படியே திரும்பி வந்தால் லைன் சரி, மேனேஜர் கேட்க நினைத்தது அவர் காதுக்கே திரும்பிப் போனால் காண்டிராக்டும் சரி, இதைத் தாண்டி இந்தத் தொழிலில் என்னிடம் யாரும் எதையும் சோதித்ததில்லை.