வீரமலை மரம் இறங்கிய கதை

திருவானைக்காவலில் என் சைக்கிள் கடைக்கு நேர் எதிர் வீடு வீரமலையுடையது. புளி உலுக்குவது அவர் தொழில். மாசி பிறந்தால் சாலையோரத்துப் புளியமரங்களைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் அவரைத் தேடி வந்துவிடுவார்கள். கயிறு கிடையாது, ஏணி கிடையாது. அடிமரத்தைக் கட்டிப்பிடித்தார் என்றால் நாம் அடுத்து நிமிர்ந்து பார்க்கும்போது உச்சிக் கிளையில் நிற்பார். மேல்கிளையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, நிற்கிற கிளையை மிதித்து ஓர் ஆட்டு ஆட்டுவார். புளி சடசடவென்று கொட்டும். கீழே பெண்கள் பொறுக்குவார்கள். அவர் மனைவி பவுனம்மாளும் அவர்களில் ஒருத்தி. தரையில் என்னவோ மனிதர் கொஞ்சம் அசமந்தம்தான். என் கடை வாசலில் கிடந்த டயரைத் தாண்டத் தெரியாமல் தடுக்கி விழுந்திருக்கிறார். மரத்தில் மட்டும் எங்கிருந்தோ நிதானம் வந்துவிடும்.

அப்பேர்ப்பட்டவர் காலை முறித்துக்கொண்டது முருங்கை மரத்தில். சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துவிடுங்கள். ஊரே சிரித்து முடித்துவிட்டது.

1956 ஐப்பசி மாதம். விடாத மழை. துறையூரிலிருந்து பவுனம்மாளின் தங்கை சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினாள். சாம்பாருக்குக் காய் இல்லை. கொல்லையில் முருங்கை காய்த்துத் தொங்கியது. ஆனால் தொரட்டிக் கம்பைப் பக்கத்து வீட்டு ராக்கம்மாள் வாங்கிப் போயிருந்தாள். போய்க் கேட்டு வாங்கி வருகிற வேலைதான். வீரமலைக்குக் கௌரவம் குறுக்கே வந்தது.

"தொரட்டியா? எனக்கா?" என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஏங்க, வேணாங்க. மழையில ஊறிக் கெடக்கு. முருங்கையில யாராச்சும் ஏறுவாங்களா?" என்று பவுனம்மாள் கத்தினாள்.

முருங்கை பருத்தால் தூணாகுமா என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். இவர் ஏறினார். கூரை உயரம்கூட இருக்காது. கிளை முறிந்து, துணி துவைக்கிற கல்லின்மேல் விழுந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்துபோயிற்று. சத்தம் கேட்டு நான் ஓடியபோது சேற்றில் கிடந்தார். பறித்த காயை மட்டும் கையை விட்டு விடவில்லை.

ஜட்கா வண்டி பிடித்து, காவிரிப் பாலம் தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் முனகினார். வலி தாங்காமல் அல்லாவைத் தவிர எல்லா சாமியையும் கூப்பிடுகிறார் என்று நினைத்துக் காதைக் கொடுத்துக் கேட்டேன்.

"பாய், டாக்டர் கேட்டா புளியமரம்னு சொல்லிடுங்க."

எனக்கு அந்த நேரத்தில் ஆத்திரம்தான் வந்தது. ஆனாலும் புளியமரம் என்றே சொன்னேன். டாக்டரும் அப்படியே எழுதிக்கொண்டார். ஆனால் அன்று பொழுது சாய்வதற்குள் ஸ்ரீரங்கம் வரைக்கும் முருங்கை என்று தெரிந்துபோயிற்று. ராக்கம்மாளின் வாய்க்குப் பூட்டு ஏது?

மாவுக்கட்டோடு தீபாவளி போயிற்று, பொங்கல் போயிற்று. பார்க்க வருகிறவர்களெல்லாம் ஒரு கேலியை முடிந்துகொண்டுதான் வருவார்கள். "புளியங்கொம்பா புடிச்சிருக்கலாமேப்பா" என்பார் ஒருவர். மனிதர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். கட்டைப் பிரித்த அன்று உள்ளே இருந்த காலைப் பார்த்தோம். அதுவும் முருங்கைக்காய் மாதிரிதான் இருந்தது. முழங்கால் மடங்கவே இல்லை. "நடந்துடுவீங்க. ஆனா மரம் கிரம் எல்லாம் இனிமே நினைக்காதீங்க" என்றார் டாக்டர்.

வீரமலைக்கு முகம் செத்துப்போயிற்று. பவுனம்மாளுக்கோ முகத்தில் வெளிச்சம். எனக்கு அது புரியவில்லை. என் வீட்டுக்காரி சாரா பீவிக்குத்தான் புரிந்தது. ஏனென்றால் பவுனம்மாள் அவளிடம் சொல்லியிருந்தாள்.

"கால் கோணலாப் போனாலும் போவுதுக்கா. ஆளு இனிமே தரையில இருப்பாரே, அது போதும்."

பவுனம்மாள் பச்சைமலை அடிவாரத்துப் பெண். சின்ன வயதில் அண்ணனும் அவளுமாக நெல்லி, நாவல் என்று ஒரு மரத்தை விடமாட்டார்களாம். ஒருநாள் அவள் கண்ணெதிரே, பக்கத்துக் கிளையிலிருந்து அண்ணன் விழுந்து செத்துப்போனான். அன்று இறங்கியவள் அதற்குப் பிறகு ஒரு மரத்தையும் தொட்டதில்லை. அவளைக் கட்டிக்கொடுத்தது மரமேறுகிறவருக்கு! ஒவ்வொரு மாசியிலும் கீழே குனிந்து புளி பொறுக்கிக்கொண்டு, மேலே நிமிராமல் இருந்தே அவள் காலத்தை ஓட்டியிருக்கிறாள். இதெல்லாம் சாரா பீவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வீரமலை கக்கத்தில் கட்டை வைத்துக்கொண்டு தெருவைத் தாண்டி என் கடைக்கு வர ஆரம்பித்தார். சும்மா உட்கார்ந்திருப்பார். நான் பஞ்சர் ஒட்டுவதைப் பார்ப்பார். ஒருநாள் ரிப்பேருக்கு வந்த சைக்கிள் ஒன்று ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தது. பின் சக்கரம் தரையில் படவில்லை. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், என்னைத் தூக்கி இதுமேல உக்கார வைங்க."

உட்கார வைத்தேன். நல்ல கால் பெடலை அழுத்தியது. கெட்ட கால் மேலே வரும் இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. "அம்மா" என்று ஓர் அலறல். இறக்கிவிடப் போனேன். "சீட்டை ஏத்துங்க" என்றார். சீட்டை உயர்த்தினேன். பாதிச் சுற்று போயிற்று, பாதிச் சுற்று திரும்பி வந்தது. அப்படியே முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருந்தார். வேர்த்து வழிந்தது.

மறுநாள் கடை திறப்பதற்கு முன்னாலேயே வாசலில் நின்றார். அதற்கும் மறுநாள் அப்படியே. கடைசியில் என் பழைய ராலி சைக்கிளை அவருக்கென்றே ஒதுக்கிவிட்டேன். அந்தக் காலத்தில் வாடகை சைக்கிளுக்கு எவ்வளவு கிராக்கி தெரியுமா? நல்ல சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி மிதிக்க விட்டிருக்கிறானே என்று என்னைப் பைத்தியக்காரன் என்றார்கள். போகட்டும்.

கோயிலுக்குப் போகிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாருக்கும் அது வேடிக்கை.

"என்ன வீரமலை, எங்க பயணம்?"

"பாலக்கரைக்குங்க."

"எப்ப போய்ச் சேருவீங்க?"

"எதிர்க்காத்துங்க. கொஞ்சம் நேரமாவும்."

மனிதருக்குச் சிரிப்பு திரும்பி வந்துவிட்டது. அதைப் பார்த்தே எனக்குப் பாதி நிம்மதி. வாரத்துக்கு ஒருமுறை சீட்டைக் கொஞ்சம் இறக்குவேன். முழங்காலும் அதற்குத் தக்கபடி கொஞ்சம் இறங்கிக் கொடுக்கும். ஆனி மாதத்தில் ஒருநாள் காலையில் பெடல் முழுச் சுற்றுச் சுற்றியது. பின் சக்கரம் விர்ரென்று ஓடியது. "பாய்! பாய்!" என்று அவர் போட்ட கூச்சலில் அடுத்த கடைக்காரரெல்லாம் ஓடி வந்தார்கள். நான் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். பவுனம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். சிரித்தாள். ஆனால் உள்ளே போகும்போது அவள் முகம் சரியில்லை. கால் எதற்காகத் தேறுகிறது என்று அவளுக்குத் தெரியாதா?

அந்த வருஷம் கட்டை போயிற்று, கைத்தடியும் போயிற்று. இடது கால் கொஞ்சம் குட்டைதான், சாய்ந்து சாய்ந்து நடப்பார். தை முடியும்போது குத்தகைக்காரர் அடைக்கலம் வந்தார். கொள்ளிடம் பாலத்துக்கு அப்பால், உத்தமர்கோவில் போகிற சாலையில் மரங்களை எடுத்திருந்தார். நல்ல மனிதர். "நீங்க ஏற வேணாம் வீரமலை. கீழ நின்னு பசங்களுக்கு எந்தக் கிளை, எந்தக் கொம்புன்னு சொன்னாப் போதும்" என்றார்.

அவர் போனதும் எதிர் வீட்டில் பேச்சு கிளம்பியது. தெருவுக்கே கேட்டது.

"ஒரே ஒரு மரம் பவுனு. ஏறிட்டு எறங்கிடறேன். ஏற முடியுமா முடியாதான்னு தெரியாமலே எப்படி இருக்கறது?"

"தெரிஞ்சு என்ன ஆவணும்? எங்கண்ணனும் ஒரே ஒரு கிளைன்னுதான் போனான்."

"நான் மரம் ஏறாட்டி யாரு? நொண்டிதானே?"

"என் புருஷன். அது போதாதா உங்களுக்கு?"

வீரமலை எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார். ஆனால் ஆசை விடவில்லை. வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறப் பார்க்கிறது என்று தெருவில் சொன்னார்கள். நான் யார் பக்கம் என்று கேட்டால், காலையில் அவர் பக்கம், சாயங்காலம் அவள் பக்கம். பவுனம்மாள் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு போடுவாள், பேசமாட்டாள்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடைக்கலத்தின் மரங்களில் முதல் நாள் உலுக்கல். கடையைப் பூட்டிவிட்டு வீரமலையைக் கேரியரில் உட்காரவைத்து நான்தான் மிதித்துக்கொண்டு போனேன். பவுனம்மாள் மற்றப் பெண்களோடு முன்னாடியே போய்விட்டாள். பெரிய மரம். வீரமலை மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். அடைக்கலம் "வேணாமே" என்று இழுத்தார். வீரமலை யாரையும் பார்க்காமல் பவுனம்மாளை மட்டும் பார்த்தார். அவள் மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, கூடையை இழுத்து வைத்துக்கொண்டாள்.

ஏறினார். முன்பு போல் வேகம் இல்லை. கை இழுத்தது, நல்ல கால் உந்தியது, கெட்ட கால் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. ஆனால் ஏறினார். உச்சிக்குப் பக்கத்தில் போய் நின்று ஓர் ஆட்டு ஆட்டினார். புளி கொட்டியது. பவுனம்மாளின் முதுகிலும் தலையிலும் கொட்டியது. அவள் திரும்பவில்லை. நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

மத்தியானம் மற்ற மரங்களில் இருந்தவர்கள் எல்லாரும் கஞ்சிக்கு இறங்கிவிட்டார்கள். வீரமலை இறங்கவில்லை.

"வாங்க, கஞ்சி குடிக்கலாம்" என்று கூப்பிட்டேன்.

"ஆறட்டும் பாய்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டேன். "காத்து நல்லா இருக்கு பாய். நீங்க குடிங்க" என்றார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. சைக்கிள் மிதித்து மிதித்து ஏறுவதற்கான பலம் வந்திருந்தது. இறங்குவதற்கு அது போதாது. உடம்பின் பாரத்தை ஒற்றைக் காலில் தாங்கி மெள்ள மெள்ளக் கீழே விட வேண்டும். அதற்கு அவர் பழகவே இல்லை. இத்தனை மாதமாக மேலே போவதையே நினைத்தவர், வரும் வழியை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. நானும்தான் நினைக்கவில்லை.

அதைக் கண்டுபிடித்தவள் பவுனம்மாள். எப்போது திரும்பினாளோ, அவருடைய இடது பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது கீழே கிளை பிரிகிற ஒரு கவையைத் துழாவும், நடுங்கும், மேலே போய்விடும். மறுபடி துழாவும், நடுங்கும்.

"ஏணிக்கு ஆள் அனுப்பறேன். கயிறு கொண்டாங்கப்பா" என்று அடைக்கலம் பரபரத்தார். கயிறு வருவதற்குள் பவுனம்மாள் எழுந்துவிட்டாள். சேலையைக் கால்களுக்கு நடுவே இழுத்து இறுக்கிச் செருகினாள். அடிமரத்தைக் கட்டிப்பிடித்தாள். பெண்கள் "அடியே, அடியே" என்றார்கள். பத்து வயதில் விட்டதை நாற்பது வயதில் தொடுகிறவள் போலவே இல்லை. நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

அவருக்குக் கீழ்க்கிளையில் போய் நின்றாள். பல நாள் பேசாத பேச்சு அங்கேதான் ஆரம்பித்தது. மரத்தில் பேசினால் கீழே நன்றாகக் கேட்கும்.

"காலைக் குடுங்க."

"நீ எதுக்குடி வந்தே?"

"காலைக் குடுங்கன்னேன்."

பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து, கவையில் வைத்து, தன் தோளை முட்டுக் கொடுத்தாள். அவர் பாரத்தை விட்டார். கிளை தாங்கியது, அவளும் தாங்கினாள். அப்படியே ஒரு கிளை இறங்கினார்கள். அங்கே மூச்சு வாங்க உட்கார்ந்தார்கள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில். வீரமலை அழுதுகொண்டிருந்தார். துண்டால் துடைத்துக்கொண்டது கீழேயிருந்தே தெரிந்தது.

"பவுனு, பயமா இல்லியா?"

"இல்லாம? உசுரே போவுது."

"அப்புறம் ஏன் ஏறினே?"

அவள் கொள்ளிடத்தின் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இருபது வருஷமாக் கீழ உக்காந்து தனியாப் பயந்தாச்சு. இனிமே கூட இருந்தே பயந்துக்கறேன்."

அவர்கள் தரைக்கு வந்து சேர்ந்தபோது கஞ்சி ஆறி ஏடு கட்டியிருந்தது. இருவரும் ஒரே சட்டியில் குடித்தார்கள். பிறகு அடைக்கலம் அடுத்த மரத்துக்கு வேறு ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பவுனம்மாள் செருகிய சேலையை அவிழ்க்காமலே எழுந்து, "நாங்க ஏறறோம்" என்றாள்.