எழுபத்தைந்தில் வரும் சத்தம்

என் அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் ஒரு நாள் முழுக்கப் பேசுவதை ஒரு அஞ்சலட்டையில் எழுதிவிடலாம்; ஓரத்தில் இடமும் மிச்சமிருக்கும். ஆனால் அவருடைய கார் தெருமுனையில் திரும்பும்போதே எங்கள் மூன்றாவது மாடி ஜன்னல் கண்ணாடி அதிரும். பழைய கார்தான். அதில் டர்போ மாட்டி, கம்பெனி கொடுத்த மெல்லிய புகைக்குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு, கை நுழையும் அளவுக்குப் பெரிய குழாய் வைத்தது எல்லாம் அவரே. தெருவில் அவருக்குப் பட்டப்பெயர் டமாரம். வாயே திறக்காத ஆளுக்கு அப்படி ஒரு பெயர்.

"ஏன் மாமா உங்களுக்கு இந்த மாதிரி வண்டி?" என்று ஒருமுறை கேட்டேன். ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே வெகுநேரம் யோசித்தார். "தெரியலம்மா" என்றார். அவர் மழுப்பியதாகத் தெரியவில்லை. எனக்குத்தான் குழப்பமாகப் போய்விட்டது.

பள்ளிப்படிப்பு முடிந்து, அடுத்து என்ன என்று முடிவெடுக்கத் தெரியாமல் அவர்கள் வீட்டில் இருக்கிறேன். அதனால் நடந்ததெல்லாம் என் கண்முன்னே நடந்தது.

அக்காவுக்கு ஒரு பஸ் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் யார் யாரோ திட்டுவதைக் கேட்க வேண்டும். பிறகு நாற்பது நிமிடம் இந்தக் காரில் வீடு திரும்ப வேண்டும். ஒரு சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"என்னங்க, ஒண்ணு சத்தம் குறையணும், இல்ல வண்டி போகணும். நான் ஏற முடியாத வண்டி இந்த வீட்டுக்கு எதுக்கு?"

மாமா தலையாட்டினார். காரை வெகுநாளாக விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு நண்பரிடம், "ரெண்டு வாரத்துல சத்தம் குறையலன்னா ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கோ" என்று மறுநாளே சொல்லிவிட்டார். பதினோரு வருடம் கையாலேயே கட்டிய வண்டி அது. அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

முதல் வாரம், மாமாவுக்குப் பழக்கமான வெல்டர் அண்ணன் பட்டறையில் இரண்டு பெரிய சைலன்சர்களை வைத்துப் பற்றவைத்தார்கள். ஆபீஸிலிருந்து சத்தம் அளக்கும் மீட்டரை மாமா இரவல் வாங்கி வந்தார். வண்டிக்குப் பின்னால் வைத்துப் பார்த்தால் நூற்று நான்கு டெசிபலிலிருந்து தொண்ணூற்றொன்றுக்கு இறங்கியிருந்தது. தெருவில் ஒருவர் "என்ன, வண்டி ரிப்பேரா?" என்றுகூட விசாரித்தார்.

அக்கா ஏறி உட்கார்ந்தாள். வேகம் எழுபத்தைந்தைத் தொட்டதும் தரையிலிருந்து ஒரு ரீங்காரம் கிளம்பியது. காதில் கேட்பதைவிட நெஞ்சில்தான் அதிகம் கேட்டது. வேகத்தைக் கூட்டினால் கொஞ்சம் குறையும். மறுபடி எழுபத்தைந்துக்கு வந்தால் பிடித்துக்கொள்ளும். ஆபீஸ் போகும் நெடுஞ்சாலையில் எல்லாரும் போவதே அந்த வேகத்தில்தான்.

"முன்னாடி இருந்ததே தேவலாங்க. இப்ப மண்டைக்குள்ள வண்டு பூந்த மாதிரி இருக்கு."

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மீட்டர் குறைந்துவிட்டது என்கிறது, அக்கா கூடிவிட்டது என்கிறாள்.

"மீட்டர் பொய் சொல்லுதா, வீட்டம்மா பொய் சொல்றாங்களா?" என்று கேட்டார் வெல்டர் அண்ணன்.

"மீட்டர்தான்" என்றார் மாமா. "நான் வீட்டுக்குப் போகணும்ல?"

மீட்டர் கனத்த தாழ்ந்த சத்தத்தை அவ்வளவாகக் கணக்கில் எடுப்பதில்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அதைப் படித்தபோதுதான் பள்ளி ஆய்வகத்துக் குழாய்ச் சோதனையும் நினைவுக்கு வந்தது. புகைக்குழாயின் பக்கவாட்டில், முனை அடைத்த ஒரு கிளைக்குழாயைச் சரியான நீளத்தில், அதாவது சத்த அலையின் நீளத்தில் கால் பங்கு அளவில், பொருத்தினால், அதற்குள் போன சத்தம் அடைப்பில் மோதித் திரும்பி வந்து, வருகிற சத்தத்தை எதிர்த்து அடக்கிவிடும். எழுபத்தைந்தில் எஞ்சின் நிமிடத்துக்கு இரண்டாயிரத்து நானூறு சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை புகையைத் தள்ளுகிறது. அப்படியானால் நொடிக்கு எண்பது அதிர்வு. காற்றில் சத்தத்தின் வேகம் நொடிக்கு முந்நூற்று நாற்பது மீட்டர். நான்கால் வகுத்து, எண்பதால் வகுத்தேன். ஒரு மீட்டர் ஆறு சென்டிமீட்டர்.

"விஞ்ஞானி சொல்லிட்டா, வெட்டுங்க" என்றார் மாமா. மூன்று தடவை சரிபார்த்த கணக்கு.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை பொருத்தினோம். வெள்ளிக்கிழமை காலை அக்கா ஏறினாள். எழுபத்தைந்து. அதே வண்டு.

நான் பின்சீட்டில் சுருங்கிப் போனேன். மாமா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்காவை ஆபீஸில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், காலியான சாலையில் மெல்ல வேகத்தைக் கூட்டினார். எண்பத்தைந்து, தொண்ணூற்றைந்து. நூறில் சட்டென்று அமைதி. இரண்டு காதையும் யாரோ பொத்தியது போல.

"இங்க வேலை செய்யுது" என்றார். "அங்க செய்யல. ஏன்?"

எனக்குத் தெரியவில்லை. நேரே பட்டறைக்குப் போனோம். வெல்டர் அண்ணன் காருக்கு அடியில் கையை விட்டவர் "அம்மாடி!" என்று வெடுக்கென்று இழுத்து விரலை உதறினார்.

"என்ன தலைவரே, அடுப்பை ஓட்டிட்டு வந்தீங்களா? குழாய் கொதிக்குது!"

கொதிக்குது என்று அவர் சொன்னதும் எனக்கு முகம் சுட்டது. முந்நூற்று நாற்பது என்பது பள்ளிக்கூட அறைக்குள் இருக்கும் காற்றுக்கு. சூடான காற்றில் சத்தம் வேகமாக ஓடும். அந்தக் குழாய்க்குள் இருப்பது கொதிக்கும் புகை. பாடப்புத்தகத்தை நம்பி, எரியும் எஞ்சினுக்குக் குளிர்ந்த குழாயின் அளவை வெட்டிக் கொடுத்திருக்கிறேன். குழாய் குட்டை; அதனால்தான் அது வேறு வேகத்தில் வேலை செய்தது.

"எவ்வளவு நீளம் வேணும்?" என்றார் மாமா.

"புகை எவ்வளவு சூடுன்னு தெரியாம எப்படி மாமா சொல்றது?"

மாமா குழாயைக் கண்ணால் அளந்தார். "நூறுல அடங்குச்சு. எழுபத்தஞ்சுல அடங்கணும். அப்ப நூறுக்கு எழுபத்தஞ்சு எப்படியோ, அப்படித்தானே குழாயும்?"

எனக்குத் தோன்றவே தோன்றாத வழி. சூட்டைத் தெரிந்துகொள்ளவே வேண்டாம். பழைய நீளத்தை நூறால் பெருக்கி எழுபத்தைந்தால் வகுத்தேன்; ஒரு மீட்டர் நாற்பத்தொன்று வந்தது. வெல்டர் அண்ணன் முனையைத் திறந்து, முப்பத்தைந்து சென்டிமீட்டர் துண்டைச் சேர்த்து, பின் அச்சுக்குப் பக்கமாக வளைத்து மறுபடி அடைத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் மூவரும் கிளம்பினோம். மறுநாள் நண்பர் வருகிற நாள். பின்சீட்டிலிருந்து எட்டி வேக முள்ளையே பார்த்தேன். அறுபது. எழுபது. எழுபத்தைந்து.

ஒன்றுமில்லை. டயர் ஓடும் சத்தம், அக்காவின் வளையல் சத்தம், அவ்வளவுதான்.

ஒரு கிலோமீட்டர் போயிருக்கும். நான் எதிர்பார்த்த சந்தோஷம் இதுவா என்று எனக்கே புரியவில்லை. மாமா இரண்டு தடவை எஞ்சின் முள்ளைப் பார்த்துக்கொண்டார், வண்டி நின்றுவிட்டதோ என்று.

"ஏதாவது பேசுங்களேன்" என்றாள் அக்கா.

"என்ன பேச?"

"கல்யாணமாகி ரெண்டு வருஷமா இந்த வண்டியில பேசினா கேக்காது, பேசினா கேக்காதுன்னீங்க. இப்பதான் கேக்குதே."

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை எத்தனையோ தடவை வெளியே எடுத்த மாமா, தாமே மாட்டிக்கொண்டது போல விழித்தார். அக்கா சிரித்துவிட்டு, அன்று போன் செய்து திட்டிய ஒருவரின் கதையைத் தானே ஆரம்பித்தாள். அவர் தொலைத்தது குடையாம், திட்டியது முக்கால் மணி நேரமாம். பாதியில் மாமா, "அப்புறம்?" என்று கேட்டார்.

அப்போது அவருடைய போன் அடித்தது. நண்பர்தான். மாமாவின் கை ஸ்டியரிங்கை விடவில்லை. அக்காவை ஒருமுறை பார்த்தார். அவள் எடுத்தாள்.

"வணக்கங்க. இல்லைங்க, நாளைக்கு வர வேண்டாம். வண்டி விக்கல. என்னது, சத்தமா? நாங்க இப்ப வண்டிக்குள்ளதான் இருக்கோம். எழுபத்தஞ்சுல போறோம். நான் பேசறது உங்களுக்குக் கேக்குதில்ல?"

போனை வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து குடைக்கதையைத் தொடர்ந்தாள். மாமாவுக்குச் சந்தோஷமா, சங்கடமா என்று அவர் முகத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. வேக முள் எழுபத்தைந்தை விட்டு அசையவில்லை. எங்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. அதைச் சொல்லலாமா வேண்டாமா என்றும் தெரியாமல் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.