மணப்பாட்டில் ஒரு ஜன்னல் சீட்டு

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறவன் நான். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. எங்கள் வீட்டில் கார் கிடையாது. ஒரு சைக்கிள் உண்டு, அதில் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போக முடியாது. ஆனாலும் நானும் மனைவியும் மகளும் திருச்செந்தூர், மணப்பாடு எல்லாம் சுற்றிவிட்டு வந்தோம். அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

என் மனைவிக்கு முழங்கால் வலி. மெதுவாக நடந்தால் தாங்கிக்கொள்வாள். ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு போனால்தான் ஆபத்து. கால் வீங்கிவிடும், மறுநாள் தரையில் ஊன்ற முடியாது. அதனால் வெளியூர் என்றாலே வேண்டாம் என்பாள். அவளுக்கும் ஒரு ஆசை இருந்தது. மகளுடைய போனில் மணப்பாட்டுப் படம் ஒன்றைப் பார்த்திருந்தாள். மணல் மேட்டு உச்சியில் வெள்ளையாக ஒரு சிலுவைக் கோவில், கீழே கடல். அங்கே ஒரு தடவை போய் நிற்க வேண்டும் என்பாள்.

அவளுடைய அண்ணன் புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் செய்கிறார். கார் வைத்திருக்கிறார். ஒவ்வொரு லீவுக்கும் கூட்டிப் போகிறேன் என்பார், ஒவ்வொரு லீவுக்கும் லோடு வந்துவிடும். நாங்கள் பஸ்ஸில் போகிறோம் என்றதும் சிரித்தார்.

"கார் இல்லாம அங்கன போயி என்ன வே செய்யப் போறீரு? பஸ் ஸ்டாப்புல நின்னு கருவாடாத்தான் காயணும்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு பஸ்ஸிலும் உன்னை நிற்க விடமாட்டேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்தேன்.

அந்தத் தைரியம் என் தோளில் கிடந்த துண்டு கொடுத்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பஸ் வந்து நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகக் காலி சீட்டில் துண்டைப் போட்டுவிட்டால் அந்த சீட்டு நமக்கு. முன்பின் தெரியாதவர்கூட அதில் உட்கார மாட்டார். நான் போட்டது நானே நெய்த துண்டு, பச்சைக் கரை வைத்தது. திருநெல்வேலிக்கும், அங்கிருந்து திருச்செந்தூருக்கும் அப்படித்தான் இடம் பிடித்தேன். மகளுக்கு வெட்கம்.

"எல்லாரும் பாக்காங்கப்பா."

"பாக்கட்டுமே. துண்டு நல்லாத்தான இருக்கு?"

திருச்செந்தூரில் கடலில் குளித்தோம். ஈரத்துணியைப் பையில் திணித்துக்கொண்டு மணப்பாட்டுக்கு டவுன் பஸ் ஏறினோம். அந்த பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை. கண்டக்டர் என்னிடம் மட்டும் காசு வாங்கினார். மனைவிக்கு ஒரே சிரிப்பு. நாங்கள் இரண்டு பேரும் கவர்மெண்டு விருந்தாளிகள், நீங்கள் கூட வந்த ஆள் என்றாள்.

மணல் மேட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். உச்சியில் முந்தானையைக் காற்றில் பறக்கவிட்டு நின்றாள். பிறகு, இந்தக் காற்று நம் தெருவில் அடித்தால் துணி எவ்வளவு சீக்கிரம் காயும் என்றாள். எனக்கு அதுவே போதும்.

சோதனை திரும்பும்போதுதான் வந்தது. பஸ் ஸ்டாப்பில் திருவிழாக் கூட்டம். வந்த பஸ்ஸும் நிறைந்து வந்தது. ஓடிப் போய்த் துண்டை வீசினேன். உட்கார்ந்திருந்த ஒருவர் மடியில் போய் விழுந்தது. அவர் அதை மடித்து என் கையில் கொடுத்தார்.

"அண்ணாச்சி, ஒங்க துண்டு வந்துட்டு. நீங்க எப்ப வாரீய?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். அந்த பஸ்ஸை விட்டுவிட்டோம். அடுத்த பஸ்ஸும் இப்படித்தான் வரும் என்றார்கள். பரவாயில்லை, நான் நின்றுகொள்கிறேன் என்று மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். மறுநாள் அவள் படப்போகிற பாடு என் கண்ணில் வந்தது. கொடுத்த வாக்கு போயிற்றே என்று நான் துண்டை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

மகள் அதற்குள் ரோட்டைத் தாண்டியிருந்தாள். எதிர்ப்பக்கம் காலிக் கூடையோடு மீன் விற்கிற அம்மா ஒருவர் பஸ்ஸுக்கு நின்றார். அவரிடம் ஏதோ கேட்டாள். அவர் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

"இந்தப் பக்கம் வார பஸ்ஸுல ஏறு மக்கா. அது அடுத்த ஊருல ஆளெல்லாம் எறக்கிட்டு, அங்கன நிக்க ஆள ஏத்திட்டு இங்கனதான் திரும்பி வரும். சீட்டு காலியானதும் ஒக்காந்துக்கிடுங்க. நமக்குத்தான் காசு கெடையாதே, ஒரு சுத்து சுத்திட்டு வாங்க."

அங்கேயே இறக்கிவிட்டால் என்ன செய்வாய் என்று நான் கேட்டு முடிப்பதற்குள் அந்தப் பக்கம் பஸ் வந்துவிட்டது. மகள் ஓடிவந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தன் அம்மா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஏறிவிட்டாள். நடுவில் ஒரு லாரி வந்தது. நான் தாண்டிப் போகுமுன் பஸ் கிளம்பிவிட்டது.

நான் இல்லாமல் என் மனைவி வெளியூரில் பஸ் ஏறியதே இல்லை. அந்த ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். வருகிற வண்டி எல்லாம் பஸ் மாதிரியே தெரிந்தது.

கடைசியில் பஸ் வந்தது. கூட்டம் ஓடியது. பழக்க தோஷத்தில் நானும் துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஜன்னலில் என் மனைவி, கார் வைத்திருக்கிறவர்கள் மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"துண்டத் தோள்ல போட்டுட்டு மெதுவா ஏறுங்க. ஒங்களுக்கு சீட்டுப் போட்டாச்சு."

உள்ளே நெருக்கித் தள்ளிக்கொண்டு போனேன். மூன்று பேர் சீட்டில் மனைவி, அடுத்து மகள், அடுத்து எங்கள் பை. ஒருவர் அந்தப் பையை எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் துண்டுக்கு வெட்கப்பட்ட பிள்ளை பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அப்பா வருகிறார் என்று பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னாள்.

பையை எடுத்தால் சீட்டெல்லாம் கடல்தண்ணீர். துண்டை விரித்து அதன்மேல் உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்தார். இந்த விருந்தாளிகளோடு வந்த ஆள் நான் என்று சொல்லி ஒரு டிக்கெட் வாங்கினேன்.