இரண்டு கிறிஸ்மஸ்

என் அப்பா தேயிலை ஃபேக்டரியில் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாத்தியார். கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில், தொட்டில்களை ஒரு பக்கமாகச் சுருட்டிக் கட்டிவிட்டு, எங்கள் தோட்டத்துக் கிறிஸ்தவப் பிள்ளைகள் பதினொரு பேருக்கு வேதம் சொல்லிக் கொடுப்பார். வாத்தியார் மகள் என்று எனக்குச் சலுகை எதுவும் கிடையாது. உதாரணம் காட்ட ஆள் தேவைப்பட்டால் என்னைத்தான் கூப்பிடுவார்.

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. சுதந்திர தினத்தை ஒட்டிய ஒரு பெப்ரவரி ஞாயிறு இரண்டு விடுதலைகளைப் பற்றிப் பாடம். அப்பா என் மணிக்கட்டுகளைச் சணல் கயிற்றால் கட்டி, பிறகு அவிழ்த்தார்.

“வெள்ளக்காரன் போனது இப்படித்தான். கட்டு அவுந்துருச்சு. எங்க, இப்பக் கைய விரி, பாப்பா.”

நான் விரிக்கவில்லை. கைக்குள், அடுப்படியிலிருந்து தெரியாமல் எடுத்து வந்த கருப்பட்டித் துண்டு இருந்தது. அது அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

“பாத்தீங்களா? கயிறு இல்ல, ஆனா கைய விரிக்க முடியல. ஒளிச்சு வச்சிருக்கவன் அடிமதான். இந்த விடுதலைய அரசாங்கம் குடுக்காது. உள்ளத உள்ளபடி சொன்னா ஆண்டவர் குடுப்பார்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். என் மானம் போயிற்று. பாடம் மட்டும் மனதில் தங்கிவிட்டது.

அடுத்த வாரமே அப்பாவுக்கு விசாரணைக் கடிதம் வந்தது. சுதந்திரம் வந்த கையோடு, இந்தியாவிலிருந்து பிழைக்க வந்த தோட்டத்து ஜனங்கள் இந்த நாட்டவர் அல்ல என்று சட்டமும் வந்திருந்தது. குடியுரிமை வேண்டுமானால் மனுப் போட்டுக் கேட்கலாம், அப்பா போட்டிருந்தார். ஆனால் மனுதாரரின் மனைவி மக்கள் ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ந்து வெளிநாட்டில் இருந்திருக்கக் கூடாது. அம்மாவோ தம்பியைப் பெறுவதற்காக என்னையும் கூட்டிக்கொண்டு கடல் கடந்து திருச்சிப் பக்கம் தாய்வீட்டுக்குப் போய், அங்கே நோயில் விழுந்து, பதினாலு மாதம் கழித்துத்தான் திரும்பினாள். போய் வந்த சீட்டுகளெல்லாம் எங்கோ தொலைந்துவிட்டன. எத்தனை மாதம் என்பதற்கு எங்கள் வாய்தான் சாட்சி.

நாங்கள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவில் ஒத்திகை தொடங்கியது.

“எத்தன மாசம் இருந்த?” என்பார் அப்பா.

“பத்து மாசங்க” என்பாள் அம்மா, குழந்தையைப் பார்த்தபடி.

“அங்க ரெண்டு கிறிஸ்மஸ் வந்துச்சே!” என்றேன் நான்.

“வாய மூடு. ஒன்னைய யாரும் கேக்கல” என்றாள் அம்மா. அப்பா அதே கேள்வியை மறுபடி கேட்டார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. குடியுரிமை என்ன பண்டம் என்று எனக்குத் தெரியாது, பொய் சொல்கிறவர்கள் போகிற நரகம் தெரியும். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் ஃபேக்டரி அடுப்பைப் பார்த்திருக்கிறேன். அதற்குள் அப்பா நிற்பதாக நினைத்து நினைத்துப் பயந்தேன். சாப்பிடும்போதும் ஜெபிக்கும்போதும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விசாரணை நாளில் வட்டகொடையில் ரயிலேறி ஹட்டனுக்குப் போனோம். அதிகாரி வயதான சிங்கள மனிதர். பக்கத்தில் தமிழில் மாற்றிச் சொல்ல ஒருவர். எத்தனை மாதம் என்ற கேள்விக்கு அப்பா பத்து என்றார். அம்மாவும் பத்து என்றாள். அதிகாரி எழுதிக்கொண்டார். எல்லாம் முடிந்தது போலத்தான் இருந்தது. பிறகு அவர் என்னைப் பார்த்துச் சிரித்து ஏதோ கேட்டார்.

“பாப்பா இந்தியாவுல கிறிஸ்மஸ் கொண்டாடுச்சான்னு ஐயா கேக்குறாங்க” என்றார் பக்கத்திலிருந்தவர்.

அது சோதனையா, சும்மா கேட்டதா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. ஆமாம் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. இப்போது விட்டால் அப்பாவைக் காப்பாற்ற முடியாது என்று மட்டும் தோன்றியது.

“ரெண்டு கிறிஸ்மஸுங்க. மொத வருசம் நாடகத்துல நான் ஆடு. அடுத்த வருசம் தேவதூதன்.”

அந்த மனிதர் உடனே மாற்றிச் சொல்லவில்லை. அப்பாவைப் பார்த்து, தாழ்ந்த குரலில், “சின்னப் புள்ள, தெரியாம ஒளறுது, இல்லீங்களா?” என்றார். அவர் நல்லவர். அப்பா ஒரு தலையாட்டு ஆட்டினால் போதும், அத்தோடு விட்டிருப்பார்.

அப்பா என்னைப் பார்த்தார்.

“இல்லீங்க” என்றார். “பாப்பா சொல்றதுதான் சரி. பதினாலு மாசங்க.”

அதிகாரி எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். மனு தள்ளுபடியானது என்ற கடிதம் பிறகு ஒருநாள் வந்தது. அப்பா சாகும்வரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவராகவே இருந்தார்.

அன்று திரும்பும்போது ரயிலில் அப்பா என்னை ஜன்னலோரம் உட்கார வைத்து, ஹட்டன் ஸ்டேஷனில் வாங்கிய இரண்டு வடைகளைக் கொடுத்தார். பல நாளுக்குப் பிறகு எனக்குப் பசித்தது. இரண்டையும் தின்றேன். அவர் இரண்டு கைகளும் மடியில் விரிந்து கிடந்ததைப் பார்த்தேன். அப்பாடா என்றிருந்தது. எதிரே அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

அப்பாவுக்குத்தான் விடுதலை கிடைத்துவிட்டதே, இவள் ஏன் அழுகிறாள் என்று எனக்குக் கோபமாக வந்தது.