எழுத்து இல்லாத டிஸ்க்

சூலியா தெருவில் என் கம்ப்யூட்டர் கடைக்கு எதிரே அண்ணனும் தம்பியும் சாப்பாட்டுக்கடை நடத்தினார்கள். ஒரு நாள் காலையில் தம்பி இரும்புக் கரண்டியால் அண்ணன் மண்டையைப் பிளந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினான். பிறகு அவர்கள் கடையின் கண்காணிப்புக் கேமரா பதிவாகும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். சட்டையில் ரத்தம் காயவில்லை.

என் கழுத்தைப் பிடித்து நெரித்தான். “இதுல என்னென்ன டிரைவ் இருக்குன்னு காட்டுங்கண்ணே. ரெக்கார்டிங் எல்லாத்தையும் அழிங்க. ஏமாத்தினா நீங்களும் ஆஸ்பத்திரிதான்லா.”

டிரைவ்களைப் பட்டியலிட நானே எழுதிய ஸ்கிரிப்டை ஓட்டினேன். சி, டி, இ என்று மூன்று எழுத்துகள் வந்தன. கேமராப் பதிவுகள் இருந்த டி, இ இரண்டையும் அவன் கண்முன்னே அழித்தேன். அப்படியும் பளாரென்று அறைந்தான். கம்ப்யூட்டரை எட்டி உதைத்து அங்கேயே போட்டுவிட்டுப் போனான்.

சி, டி போல எழுத்து கொடுக்காத டிஸ்க்கை என் ஸ்கிரிப்ட் காட்டாது. பதிவுகளின் நகலுக்காக அப்படி ஒன்றை அண்ணன் கேட்டு நான்தான் உள்ளே வைத்திருந்தேன். தம்பி அறையாமல் போயிருந்தால், பயந்து வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

கன்னம் எரிய அந்த டிஸ்க்குக்கு ஓர் எழுத்து கொடுத்துத் திறந்தேன். காலையில் பதிவான காட்சியில், மூன்றாவது அடி விழுந்தபோது அண்ணன் தரையில் கைகூப்பிக்கொண்டு கிடந்தார்.