கடைசியில் ஒரு தட்டல்

ஓடிப்போனாள் என்று மட்டும் சொல்ல வேண்டாம். ஓடிப்போகிறவள் மாமியாருக்கு ஒரு மாத மாத்திரையை நாள்வாரியாகப் பிரித்து வைத்துவிட்டா போவாள்? கீழ்வீட்டுத் தையல்காரியிடம் இதைச் சொன்னால் தலையை ஆட்டுவாள். அடுத்த ஊசியில் நூல் கோப்பதற்குள் பழைய பல்லவியை எடுத்துவிடுவாள். என் மருமகள் மூன்று மாதமாகப் பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு யாருடனோ பேசினாளாம். அந்த யாரோ நான்தான்.

என் மகன் இறந்து நான்கு வருடம். அவள் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. அவன் சட்டைகளைத் துவைத்து மடித்து அலமாரியில் அடுக்கினாள். என் கட்டிலுக்கு எதிரே மேசையைப் போட்டுக்கொண்டாள். கணினியில் ஓடும் கருவிகளை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கம் எழுதிக் கொடுப்பது அவள் தொழில். எங்களுக்குள் சண்டையும் உண்டு. உப்பு விஷயத்தில் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

இந்த வருடம் வெளியூர் நிறுவனம் ஒன்று அவளுக்குப் பரீட்சை வைத்தது. ஒரு கருவிக்கு விளக்கம் எழுத வேண்டும். நன்றாக இருந்தால் அங்கேயே வந்து வேலையில் சேரலாம். அந்தக் கருவியிடம் எதை எழுதிக் கொடுத்தாலும் அதற்கென்று அறுபத்து நான்கு எழுத்தில் ஓர் அடையாளம் தரும். ஹாஷ் என்பார்களாம். எழுதியது மாறாதவரை அடையாளமும் மாறாது. ஒரு புள்ளி கூடினாலும் அடையாளமே வேறு. அடையாளத்தைக் கொடுத்து எழுதியதைத் திரும்பக் கேட்டால் மட்டும் கிடைக்காது.

விளக்கத்தைப் படிக்கப்போவது மனிதர்கள் இல்லை. ஏஐ ஏஜெண்ட் என்று, தானே படித்துத் தானே வேலையைச் செய்கிற ஒன்று.

"மனுஷங்கன்னா புரியலன்னு கேப்பாங்க அத்தை. அது பாட்டுக்குத் தப்பா புரிஞ்சுக்கிட்டு வேலையை முடிச்சிட்டுப் போயிடும்."

அதனால் ஒவ்வொரு வரியையும் என்னிடம் படித்துக் காட்டினாள். எனக்கு எழுத்து தெரியாது. சொன்னதை மட்டும்தான் பிடித்துக்கொள்வேன், சொல்லாததை ஊகிக்க மாட்டேன். அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

முதலில் உண்மையாகவே புரியவில்லை. பிறகு புரியத் தொடங்கியது. ஆனால் எல்லாம் புரிந்துவிட்டால் விளக்கம் முடிந்துவிடும், அவளும் போய்விடுவாள். ஆகவே புரியவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே பத்தியை ஒன்பது தடவை எழுத வைத்தேன். அவள் முகம் சுளிக்கவில்லை. என்னைப் பரீட்சைத்தாள் திருத்த அனுப்பினால் ஒரு பிள்ளையும் பாஸாகாது என்று சிரித்தாள்.

ஒரு மத்தியானம் என் சாக்கெல்லாம் தீர்ந்துபோனது. அவள் உதாரணத்துக்கு ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். விரல்கள் மழைத்தூறல்போல ஓடின. வரி முடிந்ததும், அடுத்த வரிக்குப் போகிற பெரிய பொத்தான்மேல் ஓங்கி ஒரு தட்டு.

"கடைசியா ஒண்ணு தட்டினியே, அதுவும் சேர்த்தியா?"

ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டதுதான். அவள் அதே வரியை அந்தத் தட்டலோடு ஒரு முறை, தட்டல் இல்லாமல் ஒரு முறை கருவியிடம் கொடுத்துப் பார்த்தாள். அடையாளம் இரண்டும் வேறு வேறு. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தட்டலையும் கருவி எழுத்தாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது. விளக்கத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கே சேர்த்தாள்: வரிமுடிவும் கணக்கில் வரும்; வேண்டாமென்றால் நீக்கிவிட்டுக் கொடு. படித்துக் காட்டினாள். புரியவில்லை என்று சொல்ல அதில் இடமே இல்லை.

அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் வேலை கொடுத்தார்களாம். ஆக, அவளைப் போக வைத்த ஆள் யார் என்று தையல்காரி தெரிந்துகொள்ளட்டும்.

கூட வரச் சொல்லி நான்கு தடவை கேட்டாள். மகனுடைய சட்டை இருக்கிற அலமாரியை விட்டு நான் எங்கே போவேன்? மாட்டேன் என்றேன். மேசை இன்னும் கட்டிலுக்கு எதிரேதான் கிடக்கிறது. மத்தியானமானால் காது அந்தத் தட்டலைத் தேடுகிறது.

அவள் கிளம்பிய காலையில், பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே, வாசலில் நின்று எனக்கு இந்த வீட்டை விளக்கினாள். சிவப்பு மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், வெள்ளை பின்னால். அடுப்பை அணைத்த பிறகு சிலிண்டரையும் மூட வேண்டும். போனில் முதல் பொத்தானை அழுத்தினால் அவள் பேசுவாள். எங்கும் சந்தேகம் வராதபடி வரிசையாகச் சொன்னாள்.

"புரிஞ்சுதா அத்தை?"

இல்லை என்றால் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். எனக்கு அது தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும், செருப்பை மாட்டாமலே நின்றாள்.

"புரிஞ்சுது. போயிட்டு வா."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.