நைனாவுக்குத் தேங்காய் பிடிக்குமா?

இன்று மத்தியானம் மொட்டை மாடியில் நின்று ஒரு காக்காவிடம் கெஞ்சினேன்!

(ஆமாம், காக்காவிடம்தான். பக்கத்து மாடியில் துணி காயப்போட்ட அம்மா பார்த்துவிட்டார். அவர் ஊர் முழுக்கச் சொல்வதற்குள் நானே எழுதிப் படிப்பகத்துப் பலகையில் ஒட்டிவிடுகிறேன்.)

விஷயம் இதுதான்.

இன்றைக்கு எங்கள் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, வருஷப் படையல். உயிரோடு இருந்தபோது எதை எதை விரும்பிச் சாப்பிட்டாரோ அதெல்லாம் இலையில் வைக்க வேண்டும். சோறு, மீன் குழம்பு, வடை, ஒரு சுருட்டு. (கள்ளும் உண்டு. கள்ளுக்கடையை மூடிய பிறகு அந்த இடத்தில் சோடா வைக்கிறோம். நைனா மன்னிப்பார்... மாட்டார்!)

காக்கா வந்து கொத்தினால் நைனா சாப்பிட்டார் என்று அர்த்தம். அதுவரை வீட்டில் யாரும் வாயில் எதுவும் போடக் கூடாது.

புதிதாக வந்த மருமகள்தான் முதல் வருஷம் குழம்பு வைக்க வேண்டும். இது எங்கள் குடும்ப வழக்கம். என் மருமகள் பொன்னுத்தாய்க்குத் தூத்துக்குடிப் பக்கம். அப்பா மளிகைக் கடைக்காரர்.

அந்தப் பெண் குழம்பில் தேங்காய் அரைத்து ஊற்றிவிட்டது!

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மீன் குழம்பு என்றால் புளி, மிளகாய், மாங்காய். அவ்வளவுதான். தாத்தா காலத்திலிருந்தே தேங்காய் அந்தச் சட்டிப் பக்கம் போனதில்லை.

திருவொற்றியூரிலிருந்து படையலுக்கு வந்திருந்த என் அக்கா சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி இது? கொயம்பு வெளுத்துப் போயி கீது?"

"தேங்கா அரைச்சு ஊத்துனேன் பெரியம்மா. எங்கூர்ல இது இல்லாட்டி மீன் கொழம்பே கெடையாது."

"எங்க நைனா சட்னில தேங்காவக் கண்டாலே தள்ளி வெச்சிடுவாரு! இத்தப் போயி துன்னுவாரா? தம்பி, இப்பவே சொல்லிட்டேன். காக்கா தொடலன்னு வெச்சுக்கோ, இனிமே படையல் சட்டி இவ கைக்குப் போவக் கூடாது. வருஷா வருஷம் நானே வந்து ஆக்குறேன்."

பொன்னுத்தாய் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தது.

இலையோடு மாடிக்குப் போனோம். "கா... கா..." என்று கூப்பிட்டேன். (துறைமுகத்தில் கப்பல் மேல் நிற்பவனைக் கீழேயிருந்து கூப்பிட்டுப் பழகிய குரல் எனக்கு!)

ஒன்றும் வரவில்லை.

எப்படி வரும்? விடிகாலையில் கட்டுமரம் கரையேறும்போதே நம் பேட்டைக் காக்காக்கள் போய் மூக்குமுட்டத் தின்றுவிடுகின்றன. பகலில் அவற்றுக்கு ஏது பசி? இதைச் சொன்னால் அக்கா கேட்டால்தானே!

"கொயம்பு வாசனைக்கே ஓடிப் போச்சுங்கடா!"

கடைசியாக ஒன்று வந்தது. சுவரில் உட்கார்ந்தது. இலையைப் பார்த்தது. அக்காவைப் பார்த்தது. பக்கத்து மாடிக்குப் போய்விட்டது. (அக்காவைப் பார்த்துத்தான் பயந்தது என்பது என் கட்சி. வாய்விட்டுச் சொல்லவில்லை.)

"நான் கீழ போறேன் மாமா" என்றது பொன்னுத்தாய்.

"நில்லும்மா!"

சுவரோரம் போய்க் கை கூப்பினேன்.

"நைனா, மானத்த வாங்காத. சின்னப் பொண்ணு, விடிகாலைலேர்ந்து பட்டினியா நின்னுகினு ஆக்கிகீது. ஒரு வாய் துன்னுட்டுப் போ. புடிக்கலன்னா என்னாண்ட தனியா சொல்லு."

வந்ததே!

நேராக இலையில் இறங்கியது. அக்கா சுட்ட வடையைக் காலால் தள்ளியது. குழம்பு மீனைக் கொத்தித் தலையை ஆட்டி ஆட்டித் தின்றது. போதாததற்குக் கத்திச் சொந்தக்காரர்களையெல்லாம் வேறு கூப்பிட்டது!

"எக்கா, பாத்தியா?"

அக்கா தள்ளிக் கிடந்த தன் வடையைப் பார்த்தாள்.

"செத்த அப்பால நைனாவுக்கு ருசி மாறிப் போச்சி போல" என்றாள். பிறகு பொன்னுத்தாய் பக்கம் திரும்பி, "ஏ பொண்ணு, எவ்ளோ தேங்கா போட்ட? ஒரு மூடியா?"

"ரெண்டு மூடி பெரியம்மா."

"அப்டியா! அடுத்த வருஷம் நான் பக்கத்துல குந்திகினு பாக்குறேன், நீ ஆக்கு."

பொன்னுத்தாய் சிரித்துவிட்டது! அடுப்படியில் காவலுக்கு இருந்த என் வீட்டுக்காரிகூட இந்தக் கூத்தைப் பார்க்க மாடிக்கு ஓடி வந்துவிட்டாள்.

(உங்கள் வீட்டு மீன் குழம்பில் தேங்காய் உண்டா, இல்லையா? கீழே இடம் விட்டிருக்கிறேன், பென்சிலால் எழுதுங்கள். நான் மூன்றாவதோடு நின்றவன், கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுதவும்.)

எல்லோரும் சாப்பிடக் கீழே இறங்கினோம்.

அடுப்படியில் ஒரு பூனை சட்டியின் அடியை நக்கிக்கொண்டிருந்தது.

ஊறுகாய் வைத்துச் சாப்பிட்டோம்.

அந்தப் பூனை எங்கள் குடும்பத்தில் யார் என்று அக்கா யோசித்துக்கொண்டிருக்கிறாள்.